நாலு ஸ்பூன் காளான் பொடி

அந்தக் காளான் பண்ணையில் ஏழு கொட்டகைகள். ஏழுக்கும் ஜன்னல் கிடையாது. பறிக்கிறவர்கள் நெற்றியில் ஒரு சின்ன விளக்கைக் கட்டிக்கொண்டு, அடுக்கடுக்கான படுக்கைகளுக்கு நடுவே எலி மாதிரி ஊர்ந்து போவார்கள். பறித்த காளான் தட்டுகளில் பரப்பப்பட்டுக் கடைசிக் கட்டடத்துக்கு வரும். அங்கே ஓடும் பெல்ட்டில் தட்டுகளை ஏற்றுவது, நடுவில் தகரக் கூண்டுக்குள் இருக்கும் புற ஊதா விளக்கு ஒழுங்காக எரிகிறதா என்று பார்ப்பது, மறுபக்கம் வெளிவரும் தட்டுகளைப் பெட்டியில் அடைக்கும் பெண்களிடம் தள்ளிவிடுவது, இவ்வளவும் ஒரே ஆளின் வேலை. பதினோரு வருஷமாக அந்த ஆளை எல்லோரும் விளக்குக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பேரைச் சொல்லி அழைத்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார்.

அவர் மனைவி தையல்காரி. தெருவுக்கு டெய்லரம்மா. வீட்டு முன்னறையில் மிஷின் போட்டிருந்தாள். கையில் இருந்த கத்தரியைவிட வாயில் இருந்த கத்தரி கூர்மை என்று அவள் தங்கையே சொல்லுவாள். அளவு கொடுக்க வந்த ஒரு பெண் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே பிடித்துக்கொண்டு நின்றால், "விடுங்கம்மா, சட்டை போட்டுக்கப்போறது நீங்க, உங்க ஆசை இல்ல" என்பாள். சிரித்துக்கொண்டே போவார்கள், திரும்பியும் வருவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. முகம் வீங்கியபோது தூக்கம் போதவில்லை என்று நினைத்தார்கள். கால் வீங்கியபோது மிஷின் மிதிப்பதால் என்று நினைத்தார்கள். மூச்சு வாங்கியபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். இடது கையில் இரண்டு தடித்த ஊசி, நாலு மணி நேரம் படுக்கை, பக்கத்தில் அவள் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும் மெஷின். துணைக்கு அவள் தங்கை போவாள். விளக்குக்காரருக்குப் பகல் வேலை, அதனால் ஆஸ்பத்திரி வாசலை அவர் மிதித்தது மிகக் குறைவு. என்ன சொன்னார்கள், என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் மாலையில் கொழுந்தியாள் வாயாலும் சீட்டு மூலமாகவும் அவருக்கு வந்து சேரும்.

அந்தச் சீட்டுகளை அவர் பாடம் மாதிரி படிப்பார். எது கூடாது என்ற பட்டியலைச் சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தார். வாழைப்பழம், தக்காளி, உருளைக்கிழங்கு, கீரை, பருப்பு வகை, உலர்ந்த பழங்கள். காயை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. அளவெல்லாம் அவர் கையில். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் சமைத்து வைத்துவிட்டுப் போவார். "கல்யாணமான புதுசுல ஒரு டம்ளர் எடுத்துக் கழுவத் தெரியாது இந்த மனுஷனுக்கு. என் கிட்னி போனதும்தான் ஆளு உருப்பட்டாரு" என்று அவள் வந்தவர்களிடம் சொல்லுவாள்.

இரண்டாவது வருஷத்தில் எலும்பு வலி தொடங்கியது. முதலில் இடுப்பில், பிறகு விலாவில், தொடையில். உட்கார்ந்தவள் எழுந்திருக்கக் கையை ஊன்ற வேண்டியிருந்தது. டாக்டர் மிளகு அளவில் ஒரு மாத்திரை எழுதினார். வைட்டமின் டி மாத்திரை என்று தங்கை வந்து சொன்னாள். இரண்டு மாதம் சாப்பிட்டாள். பிறகு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அந்த மாத்திரை வரவில்லை. நாளைக்கு வரும், அடுத்த வாரம் வரும் என்றார்கள். வெளிக்கடைகளில் வைட்டமின் டி என்று வேறு மாத்திரைகள் இருந்தன, சீட்டில் இருந்தது இல்லை.

வைட்டமின் டி என்ற சொல்லைக் கேட்டதும் விளக்குக்காரருக்குச் சிரிப்புதான் வந்தது. நாள் முழுக்க அதைப் பெட்டி பெட்டியாக அனுப்புகிற மனுஷன் வீட்டில் அதற்குப் பஞ்சமா?

அந்த வாரமே பண்ணையில் ஒரு கூட்டம் நடந்தது. தரம் பார்க்கும் அதிகாரியம்மா எல்லோரையும் உட்காரவைத்து, விளக்கு என்ன செய்கிறது என்று சொன்னார். காளானின் உடம்பில் ஒரு கொழுப்புப் பொருள் இருக்கிறது. நம் தோலிலும் அதுமாதிரி ஒன்று உண்டு. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டால் இரண்டும் வைட்டமின் டியாக மாறும், வகைதான் வேறு. மீன், முட்டை சாப்பிடாதவர்களுக்கு இந்தச் சத்து கிடைக்கிற வழிகள் குறைவு. சத்து சேர்த்த பால் உண்டு, பாறையில் படரும் ஒருவகைப் பாசியிலிருந்து எடுக்கும் மாத்திரை உண்டு. சாப்பாடாகவே வேண்டுமென்றால் வெளிச்சம் பட்ட காளான்.

"சாப்பிட்ட உடனே எலும்புக்குப் போயிடும்னு நினைக்காதீங்க. முதல்ல கல்லீரல் அதை ஒருதரம் மாத்தும். அப்புறம் சிறுநீரகம் இன்னொரு தரம் மாத்தும். அதுக்கப்புறம்தான் அது வேலை செய்யும். சாப்பாட்டுல இருக்கற சுண்ணாம்புச் சத்தைக் குடல் இழுத்துக்கறதே அதோட தயவுலதான்" என்றார் அதிகாரியம்மா. கடைசியாக, அளவுக்கு மீறினால் இதுவும் விஷம், மாத்திரையை இஷ்டத்துக்கு விழுங்கக் கூடாது என்றும் சொன்னார்.

விளக்குக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். சிறுநீரகம் என்ற சொல்லையும் கேட்டார். கேட்ட அந்தக் கணத்தில் மனசு லேசாகத் திடுக்கிட்டது. ஆனால் உடனே ஒரு சமாதானம் வந்தது. சிறுநீரகத்தின் வேலையைத்தான் வாரத்துக்கு மூன்று நாள் மெஷின் செய்கிறதே.

கூட்டம் கலைந்ததும் அதிகாரியம்மாவிடம் போனார்.

"மேடம், வீட்ல எலும்பு வலி. மீன், முட்டை எதுவும் தொட மாட்டா. காளான் குடுக்கலாமா?"

"தாராளமா குடுங்க. பச்சையா சமைச்சாலும் சரி, காய வெச்சுப் பொடி பண்ணிக் கஞ்சியில போட்டாலும் சரி. காய வெக்கும்போது குடையோட அடிப்பக்கம், அந்த மடிப்பு மடிப்பா இருக்கே, அது வெயிலைப் பார்க்கணும். உச்சி வெயில்ல ரெண்டு நாள் காஞ்சாப் போதும்."

வீட்டில் இருப்பவளுக்குச் சிறுநீரகம் பழுது என்று அவர் சொல்லவில்லை. பண்ணையில் யாருக்குமே அவர் சொன்னதில்லை. சொன்னால் ஒரு பார்வை பார்ப்பார்கள், 'ஐயோ பாவம்' என்று. அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு வேலை செய்ய அவரால் முடியாது. பாதிக் கேள்வி கேட்டார், பாதிப் பதில் கிடைத்தது.

உடைந்த காளான், குடை விரிந்துபோன காளான் என்று தினமும் ஒரு கூடை கழிவு விழும். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். மொட்டை மாடியில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, மடிப்பு மேலே வரும்படி வைத்தார். விடுமுறை நாளில் மணிக்கொரு தரம் படியேறி, நிழல் விழுந்தால் துணியோடு இழுத்து நகர்த்தினார். அவள் கீழிருந்து குரல் கொடுத்தாள்.

"என்னங்க, அங்க குழந்தை குட்டி ஏதாவது வளர்க்கறீங்களா? இறங்கியே வர மாட்டேங்கறீங்க."

"உனக்கு மருந்துடி."

"காளான் காயா, கறியா? அதை முதல்ல சொல்லுங்க."

"ரெண்டும் இல்லையாம். செடியும் இல்ல, பிராணியும் இல்ல. தனி ஜாதியாம்."

"நம்ம பெரியப்பா மாதிரின்னு சொல்லுங்க. எதுலயும் சேர மாட்டாரு, எல்லா வீட்டுச் சுவத்துலயும் முளைச்சிருப்பாரு."

சருகாகக் காய்ந்ததை மிக்ஸியில் அரைத்துச் சலித்தார். பழுப்பு நிறத்தில், மண்வாசனையோடு மைபோலப் பொடி. கண்ணாடி ஜாடியில் அடைத்துக் கஞ்சியில் தினம் இரண்டு ஸ்பூன் கலந்தார். கதவில் ஒட்டியிருந்த பட்டியலை ஒருதரத்துக்கு இரண்டுதரம் பார்த்தார். காளான் அதில் இல்லை. அவள் முகத்தைச் சுளிக்காமல் குடித்தாள்.

ஆறு வாரம் கழித்து மருந்தகத்தில் அந்த மிளகு மாத்திரை வந்துவிட்டது. தங்கை வாங்கி வந்து கொடுத்தாள். விளக்குக்காரர் அதை அலமாரியில் வைத்தார்.

"ரெண்டும் சேர்ந்தா அளவு மிஞ்சிடும். அதிகாரியம்மாவே சொன்னாங்க. மாத்திரை ரசாயனம். இது சாப்பாடு. இதுவே போதும்."

"டாக்டர் ஏதாவது சொன்னா?" என்றாள் டெய்லரம்மா.

"டாக்டருக்கு எலும்பு சரியாகணும். சரியானாச் சரி."

அவள் மேலே கேட்கவில்லை. மொட்டை மாடியில் வெயிலில் குனிந்து நிற்கும் அவர் முதுகைப் பல நாள் பார்த்திருந்தாள். ஒரு மனுஷன் இவ்வளவு பாடுபடும்போது எப்படி வேண்டாம் என்பது?

வலி குறையவில்லை. ஒருநாள் தடித்த துணி ஒன்றைக் கத்தரித்துக்கொண்டிருந்தபோது வலது மணிக்கட்டில் சடக்கென்று சத்தம் கேட்டது. விழவில்லை, இடிக்கவில்லை. கத்தரியின் அழுத்தத்துக்கே எலும்பு விரிசல் விட்டுவிட்டது. மாவுக்கட்டுப் போட்டார்கள். தையல் மிஷினுக்கு உறை போட்டு மூடினார்கள். அன்று சாயங்காலம் விளக்குக்காரர் வெகுநேரம் ஜாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாளிலிருந்து நாலு ஸ்பூன்.

டயாலிசிஸ் பிரிவில் மாதாமாதம் ரத்தப் பரிசோதனை உண்டு. அந்த மாதம் நர்ஸ் கோபமாக வந்தாள்.

"பொட்டாசியம் எகிறிக் கிடக்கு. என்ன சாப்பிட்டீங்க? வாழைப்பழமா?"

"இல்லைம்மா."

"ஜூஸ்? தக்காளி? உருளைக்கிழங்கு?"

"எதுவுமே இல்ல. எங்க வீட்டுக்காரர் அந்தப் பட்டியலைக் கதவுல ஒட்டி வெச்சுச் சமைக்கறாரு. ஜெயில்ல கூட இதைவிட நல்லா போடுவாங்க."

நர்ஸ் சிரித்துவிட்டாள். பதினெட்டுப் படுக்கைக்கு மூன்று நர்ஸ். மெஷினில் கொஞ்சம் மாற்றி வைத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனாள். டெய்லரம்மா எதையும் மறைக்கவில்லை. பொடி அவள் கணக்கில் மருந்தும் இல்லை, சாப்பாடும் இல்லை, கஞ்சியில் போடுகிற ஏதோ ஒன்று. யாரும் கேட்கவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி கெட்டுப்போய் டயாலிசிஸ் ஒருநாள் தள்ளிப்போனது. வெள்ளிக்கிழமை போனவள் அடுத்துத் திங்கட்கிழமை போக வேண்டியது, செவ்வாய்க்கு வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை மதியம் தங்கை எட்டிப் பார்த்தபோது டெய்லரம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். கால் கல்லாகக் கனக்கிறது, எழுந்திருக்க முடியவில்லை என்றாள். வார்த்தை குழறியது. ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு இதயம் ஒருதரம் நின்றது. பெஞ்சில் உட்கார்ந்து வந்த தங்கை கண்ணெதிரே ஆம்புலன்ஸ்காரன் அவள் மார்பை அழுத்தினான். அழுத்தியதில் மூன்று விலா எலும்புகள் முறிந்தன. இதயம் திரும்பவும் ஓடத் தொடங்கியது.

விளக்குக்காரர் பண்ணை உடுப்போடு வந்து சேர்ந்தபோது அவசரப் பிரிவில் அவளுக்கு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் அவரை ஒரு ஓரமாக உட்காரவைத்தார். வயசான, களைத்த மனிதர்.

"வீட்ல என்ன சாப்பிடறாங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

விளக்குக்காரர் சொன்னார். காய் ஊறவைப்பதைச் சொன்னார், தண்ணீர் அளவைச் சொன்னார். பிறகு, நல்ல மதிப்பெண் வாங்கிய பையன் விடைத்தாளைக் காட்டுவதுபோல, பொடியைப் பற்றியும் சொன்னார். மடிப்பு மேலே வரும்படி காயவைத்ததைக்கூட விடவில்லை.

"எவ்வளவு குடுத்தீங்க?"

"முதல்ல ரெண்டு ஸ்பூன். மணிக்கட்டு உடைஞ்சதுக்கப்புறம் நாலு."

"நான் எழுதின மாத்திரை?"

"அதை நிறுத்திட்டோம் சார். ரெண்டும் சேர்ந்தா அதிகமாயிடும்னு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"காளான்ல பொட்டாசியம் நிறைய. பச்சைக் காளான்ல முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான். காய வெச்சா தண்ணி போயிடும், பொட்டாசியம் எங்கயும் போகாது. நாலு ஸ்பூன் பொடின்னா தினம் கால் கிலோ காளானோட பங்கு உள்ள போகுது. நீங்களும் நானும் சாப்பிட்டா சிறுநீர்ல வெளியேறிடும். அவங்களுக்கு வெளியேற வழி இல்ல. அது இதயத்தை நிறுத்தும். இன்னிக்கு நிறுத்துச்சு."

"ஆனா எலும்புக்கு..."

"எலும்புக்கும் போகலீங்க. மெஷின் கழிவை எடுக்கும், தண்ணிய எடுக்கும். சத்தை மாத்தற வேலை அதுக்குத் தெரியாது. உங்க பொடியில இருந்த வைட்டமின் கல்லீரல் வரைக்கும் போயிருக்கும், அங்க ஒருதரம் மாறியிருக்கும். அடுத்ததா மாத்த வேண்டிய சிறுநீரகம் வேலை செய்யல. வெயில்ல நாள் பூரா நின்னாலும் அவங்களுக்கு இதே கதைதான். நான் குடுத்த மாத்திரை அந்த ரெண்டு மாற்றமும் முடிஞ்ச சரக்கு. சமைச்ச சோறு மாதிரி. நீங்க சமைச்ச சோத்தை நிறுத்திட்டு, அடுப்பே இல்லாத வீட்டுக்கு அரிசி அனுப்பிக்கிட்டு இருந்திருக்கீங்க."

விளக்குக்காரர் தன் கைகளைப் பார்த்தார். நக இடுக்கில் பழுப்பாக மண் இருந்தது.

"தெரியாமத்தான் செஞ்சீங்க" என்றார் டாக்டர். "நாங்களும் கேட்டிருக்கணும். கேக்கல."

மூன்றாம் நாள் அவளுக்குத் தெளிந்தது. யார் சொல்வது என்று தங்கையும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தங்கை, "நீங்களே சொல்லுங்க மாமா, என் வாயால வர வேண்டாம்" என்று வெளியே போய்விட்டாள். அவர் சொன்னார். டாக்டர் சொன்ன மாதிரியே, கல்லீரல், சிறுநீரகம், அரிசி, அடுப்பு என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள். முறிந்த விலா எலும்பு வலிக்கும் என்பதால் மூச்சைச் சின்னச் சின்னதாக விட்டாள்.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்னு சொல்லுவாங்க. இங்க பூசாரி செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. நீங்க பாட்டுக்குத் தட்டுல போட்டுக்கிட்டே இருந்திருக்கீங்க."

அவர் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றார். அவள் சிரிக்கவில்லை.

"பொடி குடுத்தது போகட்டும். தெரியல, குடுத்தீங்க. என் மாத்திரைய நிறுத்தும்போது டாக்டரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? என் உடம்பு. அதுக்கு அளவு பார்க்க நீங்க யாரு?"

"தப்புதான்."

"தப்புதான்" என்று அவளும் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் காலையில் அவர் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனார். வெறும் அரிசியும் தண்ணீரும். ஜாடியை அதற்கு முன்பே குப்பையில் போட்டிருந்தார். அவள் கிண்ணத்தை வாங்கவில்லை.

"அங்க வெச்சுட்டுப் போங்க" என்றாள். அவர் வேலைக்குப் போனதும் தங்கையைக் கூப்பிட்டு அதைக் கொட்டச் சொன்னாள்.

அன்றிலிருந்து அவர் கையால் அவள் எதுவும் வாங்கிச் சாப்பிடவில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. அடுப்பு மேடைக்கு முன் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மாவுக்கட்டுப் போட்ட வலது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, இடது கையால் தனக்கு வேண்டியதைத் தானே சமைத்தாள். காய் நறுக்க மட்டும் தங்கை வருவாள். மாத்திரைகளைத் தலையணைக்கடியில் ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டாள். அவர் பாத்திரம் கழுவினார், தரை துடைத்தார், தண்ணீர் பிடித்து வைத்தார். அந்தத் தண்ணீரிலும் அவள் குடிப்பதற்குத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். ஒருதரம் உப்பு டப்பாவை நகர்த்தி வைக்க அவர் மேடைக்குப் பக்கத்தில் வந்தார். அவள் இடது கை தன்னையறியாமல் பாத்திரத்தின் மேல் மூடியை இழுத்தது. பாதி மூடிய பிறகு அவளே அதைக் கவனித்து நிறுத்தினாள். இரண்டு பேரும் பார்த்தார்கள். அவர் உப்பு டப்பாவைத் தொடாமலே முன்னறைக்குப் போய், உறை போட்ட தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பண்ணையில் அதிகாரியம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அந்தம்மா முகம் வெளுத்துப்போயிற்று. "நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். "சொல்லியிருக்கலாம்" என்றார் இவர். பெட்டியில் ஒரு வரி போட முடியுமா, சிறுநீரகம் பழுதானவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடவும் என்று? அந்தம்மா மேலிடத்துக்கு எழுதினார். சட்டப்படி அவசியமில்லை என்று பதில் வந்தது. அவர் விளக்கடியிலேயே வேலையைத் தொடர்ந்தார், டயாலிசிஸ் நாளில் மட்டும் கேட்டு விடுப்பு வாங்கிக்கொண்டு. அந்த நாட்களில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாலு மணி நேரமும் உட்கார்ந்திருந்தார். வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. நர்ஸ் எதையாவது சொன்னால், "அவருகிட்டயும் சொல்லுங்க. பாதி கேட்டுட்டு மீதியைத் தானே எழுதிக்கற ஆளு" என்பாள். நர்ஸ் அவர் பக்கம் திரும்பி முழுவதையும் மறுபடி சொல்லுவாள். அவர் நோட்டில் எழுதிக்கொள்வார்.

மணிக்கட்டு கூடியது, ஆனால் விரல் மடங்கவில்லை. மிளகு மாத்திரையைத் திரும்பத் தொடங்கியிருந்தாள், ஆனால் எலும்பு ஒரே நாளில் கெட்டுப்போகவுமில்லை, ஒரே நாளில் தேறவும் செய்யாது என்றார் டாக்டர். ஐந்தாவது மாதம், குளித்துவிட்டு வெளியே வந்தவள் கதவு நிலையைப் பிடித்தபடி திரும்பினாள். திரும்பும்போதே இடுப்பெலும்பு முறிந்து விழுந்தாள். ஆபரேஷன் செய்தார்கள். உள்ளே இரும்பு வைத்தார்கள். வைத்த இரும்பைப் பிடித்துக்கொள்ள எலும்பில் பலமில்லை என்று ஆபரேஷன் செய்தவர் வெளியே வந்து சொன்னார்.

வார்டில் ஜன்னலோரக் கட்டில். இடது கையில் டயாலிசிஸ் ஊசி போட்டுப்போட்டு வீக்கம். வலது கை கிண்ணத்தைப் பிடிக்காது. தங்கைக்குக் காய்ச்சல் என்பதால் இரண்டு நாளாக வரவில்லை. முதல் நாள் வார்டு ஆயா இரண்டு வாய் ஊட்டிவிட்டு ஓடினாள். இரண்டாம் நாள் மதியம் யாரும் வரவில்லை. தட்டில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. விளக்குக்காரர் வாசல் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருப்பீங்க?" என்றாள்.

அவர் கிண்ணத்தை எடுத்தார்.

"இதுல என்ன இருக்கு?"

"அரிசி. தண்ணி. உப்புகூட இல்ல."

"யார் செஞ்சது?"

"ஆஸ்பத்திரி சமையல்கட்டுல. நான் வாங்கிட்டு வந்தேன், அவ்வளவுதான்."

"நர்ஸைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். நோட்டுல எழுதியும் இருக்கேன்."

"எங்க, காட்டுங்க."

நோட்டை விரித்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். தேதி, நேரம், நர்ஸ் சொன்னது, கீழே நர்ஸின் கையெழுத்தைக்கூட வாங்கியிருந்தார். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். உதடு லேசாகக் கோணியது. பழைய நாளாக இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு கிண்டல் வந்திருக்கும். அன்று அவளிடம் அதற்கு மூச்சு இல்லை. வாயைத் திறந்தாள். அவர் ஊட்டினார். கொஞ்சம் தாடையில் வழிந்தது, துடைத்துவிட்டார். ஒன்பது ஸ்பூன் சாப்பிட்டாள். போதும் என்று கையைக் காட்டினாள்.

அதற்கப்புறம் நாலு நாள் அவர்தான் ஊட்டினார். ஒவ்வொரு வேளையும் அவள் நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகே வாயைத் திறந்தாள். ஐந்தாம் நாள் நெஞ்சில் சளி கட்டியது. அது நிமோனியா ஆயிற்று. எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு, வார்டு தரையைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவர் டாக்டரைப் பார்க்கப் போனார். வெளியே நோயாளிகள் வரிசையில் அவரும் சீட்டு எடுத்து உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே போனார்.

"சார், ஒண்ணே ஒண்ணு. இதுல என் பங்கு எவ்வளவு?"

டாக்டர் அவரை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அதை யாராலயும் அளந்து சொல்ல முடியாது. அந்த வியாதிக்கே எலும்பு போகும். மாத்திரை நல்லா சாப்பிட்டவங்களுக்கும் போயிருக்கு."

"ஆனா நான் ஒண்ணும் பண்ணலன்னும் சொல்ல முடியாது."

டாக்டர் மேஜை மேல் இருந்த காகிதங்களைப் பார்த்தார். "சொல்ல முடியாது" என்றார்.

விளக்குக்காரர் தலையசைத்தார். அதைவிடச் சின்னதாகவோ பெரியதாகவோ ஒரு பதில் வந்திருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். ஒரு பெண் தன் அப்பாவைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப்போனாள். அவர்கள் நுழைய வசதியாகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பஸ் நிறுத்தத்துக்கு நடந்து, மதிய வேலைக்குப் போனார்.